தூக்கிய கை

பள்ளிக்கூடத்தை ஒட்டியே மதுக்கடை வரலாம் என்ற தீர்மானத்துக்கு மற்ற கவுன்சிலர்களோடு பூங்கோதையும் கை தூக்கினாள். நகராட்சித் தலைவர் அவள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அவரைப் பகைத்துக்கொண்டால் அவள் வார்டுக்குத் தண்ணீர் லாரி வராது. தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் கையை இறக்கி டீயை எடுத்துக்கொண்டார்கள். அவள் கை மட்டும் இறங்கவில்லை. வீட்டில் கணவன் எண்ணெய் தேய்த்து இழுத்துப் பார்த்தான். "கல்லு மாதிரி நிக்குதே," என்றான். தூங்கும்போதும் அது போர்வைக்கு வெளியே நின்றது.

கடை திறந்த அன்று பார்க்கப் போனாள். கம்பிவலைக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் திரும்பினான். "அக்காவுக்கு வழி விடுங்கப்பா, ரொம்ப நேரமா கையத் தூக்கிட்டு நிக்கிறாங்க." யாரும் சிரிக்கவில்லை. விலகி வழி விட்டார்கள்.

அவள் விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்குள் போய் மகளின் வகுப்பு ஜன்னலோரம் நின்றாள். உள்ளே பிள்ளைகள் அத்தனை பேரும் கை தூக்கியிருந்தார்கள்.

"அதான் பதில் சொல்லியாச்சே, கைய இறக்குங்க," என்றாள் டீச்சர். மறுபடி சொன்னாள். ஒரு கையும் இறங்கவில்லை.

மூன்றாவது பெஞ்சில் பூங்கோதையின் மகள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.