தொடாத காபி

நவாஃப் கொடுத்த காபியை ஷேக் ஃபவாஸ் தொடாமல் கீழே வைத்தார். கூட வந்த ஊர்ப் பெரியவர்களும் அப்படியே வைத்தார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். பெண் கேட்கும் முறை அது.

"உங்க மக ஷுரூக் எங்களுக்கு வேணும்."

நவாஃப் ஷேக்கை நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது மகளை, 'படிச்சுப் படிச்சே கிழவியாயிட்டா' என்று ஊரெல்லாம் கேலி பேசிய அதே வாய்!

"மாப்பிள்ளை யாரு, ஷேக்?"

"மாப்பிள்ளையா? நம்ம ஊர்ல பல்கலைக்கழகம் தொடங்க லைசென்ஸ் கேட்டோம்ல? டாக்டர் பட்டம் வாங்கின அஞ்சு பேராசிரியர் இருக்கணுமாம். நாலு பேர்தான் கிடைச்சாங்க. நாளைக்குள்ள அஞ்சாவது பேரைக் கொடுக்கலேன்னா மனு தள்ளுபடி."

நவாஃப் மீசையை நீவிக்கொண்டே உள்பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்ற?"

"ஷேக்கைக் குடிக்கச் சொல்லுங்க வாப்பா, காபி ஆறுது."