பேராசிரியர் பெயர் போடாத கட்டுரைகள்

"என் பேரை எடுத்துடு."

பேராசிரியர் பெய்னன், மென்னா எழுதிய கட்டுரையின் முதல் பக்கத்தில் இருந்த தன் பெயரைச் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து அடித்துவிட்டு, அதை மேஜைக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

மென்னாவுக்குச் சுருக்கென்றது.

"இல்ல ப்ரொஃபசர், திரும்பத் திரும்பப் படிச்சுத் திருத்திக் கொடுத்தீங்களே... அதான் கடைசியில உங்க பேரையும்..."

"திருத்தினா பேர் போட்டுடணுமா? என் தாடியைத் திருத்துறவன் பேரை மூஞ்சியிலயா எழுதி வெச்சிருக்கேன்? எடுத்துடு."

பல்கலைக்கழகத்தில் அவர்களுடைய மருத்துவ அறிவியல் துறையில் யார் கட்டுரை எழுதினாலும் கடைசிப் பெயர் பெய்னனுடையதாகத்தான் இருக்கும். வேல்ஸில் மழை பெய்கிற மாதிரி அதையும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மென்னாவின் கட்டுரைகளில் மட்டும் அவர் பெயர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவள் சேர்த்துக்கொண்டு போவாள், ஒவ்வொரு தடவையும் மனுஷன் அடித்துவிடுவார்.

"மருத்துவச்சி எழுதினதுல பேர் போட்டா பெரிய மனுஷனுக்குக் கௌரவக் குறைச்சல்" என்றான் ரோட்ரி, தேநீர் அறையில் வெல்ஷ் கேக்கை மென்றபடி. பிசியோதெரபி பாடப்பிரிவின் தலைவன். அவன் கட்டுரை ஒன்றுவிடாமல் பெய்னன் பெயரோடுதான் வெளியாகியிருந்தது. "நீ எழுதுறதும் அப்படித்தானே? வலியில துடிக்கிறவகிட்ட 'இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்'னு மருத்துவச்சிங்க விடுற பொய்யைப் பத்தி ஒரு ஆராய்ச்சி!"

"அந்தப் பொய்யைக் கேட்டுத்தான்டா உங்கம்மா உன்னைப் பெத்திருப்பாங்க."

வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டாளே தவிர, அவன் சொன்னது மனசில் தைத்துவிட்டது. பாடம் நடத்த வருவதற்கு முன் பிரசவ வார்டிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். அவளை மதிக்காதவர்கள் பலபேர் உண்டு. பெய்னனும் அந்த ரகம்தான் என்று நினைக்க அழுகையாக வந்தது.

அந்த வருஷம் ஒரு புது உத்தரவு வேறு வந்து சேர்ந்தது. டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் இனிமேல் பாடப்பிரிவுத் தலைமையில் இருக்க முடியாது. மகப்பேறு பாடப்பிரிவை ஆரம்பித்ததே மென்னாதான். அதை நேற்று வந்த எவரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டுமாம்.

ஊழியர்களுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஏற்கெனவே வெளியான கட்டுரைகளைத் தொகுத்து, அவற்றைப் பற்றி நீளமாக ஒரு முன்னுரை எழுதிக் கொடுக்கலாம். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்து குடைந்து எடுப்பார்கள். தாக்குப்பிடித்தால் பட்டம்.

மென்னாவும் ரோட்ரியும் விண்ணப்பித்தார்கள்.

"என்னோட கட்டு எவ்வளவு கனம் பாரு" என்று ரோட்ரி கையில் தூக்கிக் காட்டினான். "நீ பாவம், பெய்னன் பேர் கூட இல்லாமப் போற."

முதலில் அவன்தான் உள்ளே போனான். போன சூட்டோடு திரும்பியும் வந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?"

"இதுல எது பெய்னனோடது, எது உன்னோடதுன்னே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. எனக்கென்ன தெரியும்? அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க."

மென்னா எழுந்தாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாமே நீங்க தனியா எழுதினதா? உங்க துறையில பெய்னன் பேர் இல்லாம ஒரு கட்டுரை வெளியாகும்னே எனக்குத் தெரியாது."

"அவர் போட மாட்டேன்னுட்டார்."

"நல்லதாப் போச்சு. யாரோடதுங்கிற பேச்சே இல்ல. நேரா விஷயத்துக்கு வந்துடலாம்."

வந்தார்கள். பிழிந்து எடுத்தார்கள். மென்னா அசரவில்லை. விடிய விடியப் பிரசவம் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடா? கடைசியில் அவளை வெளியே உட்கார வைத்தார்கள். பத்து விரலையும் பிசைந்துகொண்டிருந்தபோது கதவு திறந்து அந்த அம்மாளின் தலை எட்டிப் பார்த்தது.

"இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்."

அந்தப் பதற்றத்திலும் மென்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அது பொய்யில்லை. மறுபடி கூப்பிட்டபோது, "வாழ்த்துகள், டாக்டர் மென்னா ப்ரோபர்ட்" என்று இரண்டு பேரும் கை நீட்டினார்கள்.

அவள் நேராகப் பெய்னன் அறைக்குத்தான் போனாள். சந்தோஷத்தோடு இத்தனை வருஷத்து ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"பாஸா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"பாஸ். நீங்க பேர் போடாததுதான் கை கொடுத்துச்சு. ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும் ப்ரொஃபசர். ரோட்ரி எழுதினது எல்லாத்துலயும் உங்க பேர் இருக்கு. என்னோடதுல ஒண்ணுல கூட இல்ல. அப்படி என்ன மட்டமா எழுதிட்டேன் நான்?"

பெய்னன் இப்போதுதான் நிமிர்ந்தார். வெளியே வராந்தாப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"அவனோடது என் பேர் இல்லேன்னா எந்தப் பத்திரிகையிலயும் வந்திருக்காது" என்றார் குரலைத் தாழ்த்தி. "உன்னோடதுக்கு நான் எதுக்கு?"