வைதேகி போடாத கையெழுத்து

கிளென் வேவர்லி ஸ்டேஷன் அருகே கஞ்சா எண்ணெய் விற்கும் மருந்துக் கடையை மூடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று தமிழ்ச் சங்கத்தில் பேச்சு வந்தபோது, முதல் ஆளாக எழுந்து நின்றவர் சேஷாத்ரி.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாசலில் விளம்பரம்கூட ஒட்டக் கூடாது என்று அரசாங்கம் ஏகப்பட்ட நிபந்தனை போட்டிருந்தது. எல்லாம் கண்துடைப்பு என்றார் அவர். கோயில் அன்னதானம், டியூஷன் வாசல், பிறந்தநாள் விருந்து என்று ஓரிடம் விடாமல் முழங்கினார். தன் பேச்சு தனக்கே பிடித்துப்போயிற்று.

நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் எம்.பி. அலுவலகத்தில் மனுவைக் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை சரிபார்த்த சங்கச் செயலாளர் சிவசோதி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எல்லாம் சரி அண்ணை. உங்கட மனுசியின்ர கையெழுத்தைத்தான் காணேல்லை."

சேஷாத்ரிக்கு முகம் சுண்டிப்போனது. மறந்திருப்பாள், இப்போதே வாங்கி வருகிறேன் என்று சமாளித்து வீட்டுக்கு ஓடினார்.

மனைவி வைதேகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினார். தனக்கு இஷ்டமில்லை என்று அவள் நிமிராமலே சொல்லிவிட்டாள்.

பாங்க் ஃபாரமோ விசா ஃபாரமோ, முப்பது வருஷமாக அவர் காட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள். இன்றைக்கு என்ன வந்தது? ஊரே சிரிக்கும் என்றார். மிரட்டினார். கெஞ்சியும் பார்த்தார்.

"அங்க வர்றவங்க போதைக்கு வரலை. வலி தாங்காம வர்றாங்க," என்றாள். "டாக்டர் சீட்டைக் காட்டணும், அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸைக் காட்டணும். அப்புறம்தான் பாட்டிலையே கண்ணுல காட்டுவாங்க."

சேஷாத்ரிக்குப் பகீரென்றது. இவ்வளவு விவரம் இவளுக்கு எப்படி?

"வைதேகி, உண்மையைச் சொல்லு. நீ அந்தக் கடைக்குப் போறியா?"

அவள் மடித்த துணிகளிலிருந்து அவருடைய சாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நான் எதுக்குப் போறேன்? இதை வைக்கிற டிராயர்ல, கடையில கொடுத்த விதிமுறைத் தாளோட, உங்க பேர் ஒட்டின கஞ்சா எண்ணெய் பாட்டில் ஒண்ணு இருக்கு. இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். கடையை மூடிட்டா, உங்க முதுகுவலிக்கு எங்க போவீங்க?"