எல்லோருக்கும் நாற்காலி

பரிதி காய்ச்சலில் இறந்து பத்து நாளாகியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறான் என்றுதான் பால்வாடிப் பிள்ளைகளிடம் எஸ்தர் டீச்சர் சொல்லி வைத்திருந்தாள். இன்றாவது அவர்கள் சிரிக்கட்டுமென்று இசை நாற்காலி ஆட வைத்தாள். எப்போதும்போல் எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தட்டில் கரண்டியால் தாளம் தட்டிக்கொண்டே பாடினாள். பாட்டு நின்றதும் பிள்ளைகள் பாய்ந்து உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காமல் யாரும் நிற்கவில்லை. ஒன்பது பேருக்குத்தான் எட்டு நாற்காலி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யாரு டீச்சர் அவுட்டு?"

"யாருமில்லடா. எல்லாரும் ஜெயிச்சாச்சு."

"அதெப்படி? இது போங்கு ஆட்டம்."

"பரிதிதான் அவுட்டு," என்றான் ஜெபின். "அந்த ஆமைதான எப்பவும் மொத அவுட்டு."

பத்து நாளில் முதல்முறையாகப் பிள்ளைகள் சிரித்தார்கள். நஸ்ரின் மட்டும் எழுந்தாள். பரிதி அவுட்டானால் அடுத்த சுற்றிலேயே வேண்டுமென்றே தோற்று, சுவரோரம் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறவள் அவள். இன்றும் அங்கே போய், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"நானும் அவுட்டு டீச்சர். அவன் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். நீங்க பாடுங்க."

எஸ்தர் நாற்காலிகளைக் குறைக்கவில்லை. கரண்டியை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் ஓடினார்கள். சுற்றிச் சுற்றி அவர்களுக்கு மூச்சு வாங்கிய பிறகும் எந்த வரியில் நிறுத்துவதென்று தெரியாமல் அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.