தெரு அமுக்கிய பொத்தான்

காலையிலிருந்தே தமயந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேன் டிரைவர் அருள்தாஸ் வழக்கில் இன்று கோர்ட் தீர்ப்பு. தெருவின் தீர்ப்பு போன மாசியிலேயே முடிந்துவிட்டது.

அன்று அவன் பள்ளிக் குழந்தையைக் கடத்தப் பார்த்தான் என்று செய்தி பரவியது. குழந்தையின் வீடு பூட்டியிருந்ததால்தான் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டேன் என்று அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. தெருக்காரர்கள் அவனைப் பிடித்து, தண்டனைக்கென்று தெரு வைத்திருக்கும் மின்வளையமான தெருக்காப்பை வலது மணிக்கட்டில் மாட்டினார்கள். உடனே எல்லார் போனிலும் சிவப்புப் பொத்தான் வந்தது. ஒவ்வொருவர் அமுக்கும்போதும் காப்பில் மின்சாரம் கொஞ்சம் ஏறும். தமயந்தி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அமுக்கினாள்.

இப்போது சாமி படத்தின் முன்னால் நின்று முணுமுணுத்தாள். "தாயே, கோர்ட்டும் அவனைக் குத்தவாளின்னு சொல்லிட்டா உனக்குக் கூழ் ஊத்துறேன்."

"அவன் தப்பு பண்ணியிருக்கணும்னா வேண்டிக்கிறே?" கணவர் லோகநாதன் கேட்டார்.

"பின்னே, நாம பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கவா?"

அவர் தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரும் அமுக்கியவர்தான்.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அருள்தாஸ். வலது கை உயிரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு லட்டை எடுத்தான்.

"விடுதலை ஆயிட்டேங்கக்கா. தெருவுல எல்லார் வீட்டுக்கும் குடுத்துட்டு வர்றேன்."

தமயந்தி கையை நீட்டினாள். அவன் சங்கடத்தோடு சிரித்தான்.

"இடது கையால குடுக்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."