ஒரு வாய் தண்ணீர்

மலைக்கோட்டையின் உச்சியில், ஏதோ ஒரு ராணி ஆசையாகப் போட்ட பூந்தோட்டம் இருந்தது. அதன் நடுவே தாமரைப் பூவாகச் செதுக்கிய ஒரு கல் நீரூற்று. அதில் தண்ணீர் நின்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அவர்கள் கையிலிருக்கும் பாட்டில்களிடம் நீரூற்று தினமும் கேட்கும்: "கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"எண்ணூறு படி ஏறி வந்திருக்கோம், மிச்சம் எங்கே இருக்கும்?" என்று பாட்டில்கள் சிரிக்கும்.

அன்றைக்குக் கோமளவல்லி என்ற பெண் கணவனோடு வந்தாள். அவளுடைய பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் இருந்தது.

"இறங்கும்போது குடிக்கணும்னு வச்சிருக்கா. நீ ஆசைப்படாதே" என்றது பாட்டில்.

அதற்குள் கணவன் போனைத் தூக்கினான். "கோமளா, அந்தத் தண்ணியை இது தலையில ஊத்து. போட்டோவுல நிஜமாவே தண்ணி வர்ற மாதிரி இருக்கும்."

"வழியில தொண்டை வறண்டா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே அவள் ஊற்றினாள்.

தண்ணீர் இதழ் இதழாக வழிந்தது. வெளுத்துக் கிடந்த கல் கறுத்துப் பளபளத்தது. எப்போதோ மறந்துபோன 'சளசள' சத்தம் ஒரு நொடி கேட்டது. போட்டோ எடுத்தாயிற்று. ஈரத்தை வெயில் குடித்துவிட்டது.

"கேட்டது கிடைச்சிருச்சே, இன்னும் ஏன் உம்முன்னு இருக்கே?" என்றது காலி பாட்டில்.

"இத்தனை வருஷமும் ஏதோ பழக்கத்துல கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றது நீரூற்று. "இப்பத்தான் தாகம் எடுக்குது."