முதல் கைநாட்டு

“காட்டிக் கொடுத்தவன் பேரைச் சொல்லாம, ஒரு மனுசனை ரெண்டு வருசம் கம்பிக்குள்ள வைக்கலாம்னா அது என்ன சட்டம், கிராணி ஐயா?”

சங்கச் செயலாளர் இருசப்பன் கேட்டதும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி அம்புரோஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

அது 1951, ஆவணி மாதம். ஏற்கெனவே நடப்பில் இருந்த அவசரகாலத் தடுப்புக்காவல் சட்டம் கோலாலம்பூரில் மறுபடி விவாதத்துக்கு வரப்போகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதற்குள் கோலசிலாங்கூர் தோட்டத் தொழிலாளர்கள் சார்பில் ஒரு மனு போய்ச் சேரவேண்டும் என்று இருசப்பன் கூட்டம் போட்டிருந்தார். பிடித்துப் போனவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், அவர் மேல் புகார் சொன்னவர் யார் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். மனுவில் இருந்தது இவ்வளவுதான்.

எல்லாம் செல்லனுக்காக. தோட்டத்து அரிசிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். மாசி மாதம் ஒரு காலையில் போலீஸ் லோரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்கிறான் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்களாம். அதன்பிறகு விசாரணையும் இல்லை, வழக்கும் இல்லை.

அம்புரோஸ் மெல்ல எழுந்தார்.

“சட்டம் சரின்னு நான் சொல்லல, இருசப்பன். கோர்ட்டுல நிறுத்தணும்னு கேளுங்க, நானே கையெழுத்துப் போடறேன். பேரை மட்டும் கேக்காதீங்க. பேரு வெளிய வந்தா சொன்னவங்க கதி என்ன ஆகும்?”

“சொன்னவங்க மேல ஐயாவுக்கு ஏன் இவ்வளவு கரிசனம்?”

பின் பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். அம்புரோஸ் விடாமல் தை மாதம் நடந்ததை நினைவுபடுத்தினார். அரிசி தர மறுத்த, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமியைக் காட்டுக்காரர்கள் ரப்பர் மரத்தில் கட்டிவைத்துச் சுட்டார்கள். அடுத்த வாரமே, காட்டுக்காரர்களுக்குக் கொடுக்கச் சட்டைக்குள் அரிசி வைத்திருந்த வீரன் என்ற தொழிலாளியைப் பட்டாளத்தார் சுட்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் பெயரை வெளியே விடுவது கொலைக்குச் சமம் என்றார்.

“இப்படிப்பட்ட காலத்துலதான் நியாயம் வேணும் லா. நல்ல காலத்துல அதை யாரு தேடப் போறா?” என்றார் இருசப்பன்.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. முன்வரிசையில் தனி நாற்காலியில் உட்கார வைத்திருந்த செல்லனின் மனைவி தாயம்மாவை இருசப்பனே மேசைக்கு அழைத்து வந்தார். மனுவில் முதல் கைநாட்டு அவளுடையதாக இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் முடிவு. பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தும்போது அவள் உடைந்து அழுதாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்புரோஸுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஊருக்குக் கடிதம் எழுத அவரிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடிப் போனார்கள். ஆபீஸ் சுவரில் யாரோ கரியால் ‘காட்டிக் கொடுத்தவன்’ என்று எழுதிவைத்தார்கள். அவர் மனைவி ஃப்ளோராவால் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லக்கூடாதா என்று அவள் கேட்டாள்.

“இருசப்பன் கேக்கிறது நியாயம்தான், ஃப்ளோரா.”

“அப்புறம் எதுக்கு எதிர்த்துப் பேசினீங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

புரட்டாசியில் இருசப்பன் தாயம்மாவைத் தடுப்புக்காவல் முகாமுக்கு அழைத்துப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற செல்லன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். வீட்டைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை.

“யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சு வை, தாயி. வந்து பாத்துக்கிறேன்” என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாயம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயரை எப்படியும் வாங்கிவிடலாம் என்று இருசப்பன் வழியெல்லாம் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐப்பசியில் அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது. புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடுவதற்கில்லை. ஆனால் மனுவை ஒட்டி விசாரணைக் குழு செல்லனின் விஷயத்தைத் திரும்பப் பார்த்ததில் போதிய ஆதாரம் இல்லை என்று தெரிந்ததால், வரும் வெள்ளிக்கிழமை அவனை விடுதலை செய்கிறார்கள். பழைய வேலையையே திருப்பிக் கொடுப்பதாகத் தோட்ட மேலாளரான துரையும் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் லயத்தில் தப்பு அடித்தார்கள். இருசப்பன் தாயம்மாவின் கையில் மாலையைக் கொடுத்து, புருஷன் வந்து இறங்கியதும் போடச் சொன்னார்.

மறுநாள் ரப்பர் பால் நிறுவை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தாயம்மா ஆபீஸுக்கு வந்தாள். அம்புரோஸ் தனியாக இருந்தார்.

“இங்க ஏம்மா வந்தே? யாராச்சும் பாத்தா உன்னையும் தப்பாப் பேசுவாங்க. அதான் வெள்ளிக்கிழமை வர்றாரே” என்றார்.

“வந்தா மறுபடி கிடங்குக்குத்தானே போவாரு, ஐயா. அரிசி கொடுத்தா பட்டாளத்தான் சுடுவான். கொடுக்காட்டி காட்டுக்காரன் சுடுவான்.”

அம்புரோஸ் பேனாவைக் கீழே வைத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மாசி மாசம் நான் சொல்லச் சொல்லப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அதே மாதிரி இன்னொரு கடுதாசி எழுதிக் கொடுங்க, ஐயா.”